ஒளுவின் ஃபர்ளு ஆறா, நான்கா? உயர்நிலை வகுப்பில் மார்க்கப் பாடத்தை எப்படி நடத்துவது?

மார்க்கப்பாட_ஆசிரியர்

அஸ்ஸலாமு அலைக்கும். இஸ்லாமிய உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மார்க்கப் பாடம் எடுக்கிறேன். வாரத்துக்கு மூன்று பாடவேளை. இங்கே ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையப் பேர் இருப்பதால் ஒரு விஷயத்தைக் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகள் மக்தப் (சிறுவர் குர்ஆன் வகுப்பு) ஓதி முடித்தவர்கள். குர்ஆனின் முப்பதாவது ஜுஸ்உவில் (பாகத்தில்) பாதிக்கு மேல் மனப்பாடம். இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து, ஈமானின் அம்சங்கள் ஆறு, நோன்பை முறிப்பவை, குளிப்பைக் கடமையாக்குபவை எல்லாம் ஏழாம் வகுப்பிலேயே அத்துப்படி. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்தால் அதே பாடங்கள்தான், பக்கம் மட்டும் கூடியிருக்கிறது. தேர்வில் "எழுதுக", "வரிசைப்படுத்துக". எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போன வாரம் ஒளுவின் (தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுவதன்) ஃபர்ளுகளை, அதாவது கட்டாயச் செயல்களைக் கேட்டேன். ஒரு பையன் ஆறு என்றான், பக்கத்தில் இருந்தவன் நான்கு என்றான். ஒருவன் ஷாஃபிஈ வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் ஹனஃபி வீட்டுப் பிள்ளை; இரண்டும் மத்ஹபுகள், அதாவது மார்க்கச் சட்ட வழிமுறைகள். இரண்டும் சரி என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "உஸ்தாத், இதற்கு ஆயத்து (குர்ஆன் வசனம்) ஒன்றுதானே இருக்கிறது?" என்றான். நல்ல கேள்வி. அந்த வருடத்தில் வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்த முதல் நிமிடம் அதுதான். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை, பாடத்திட்டத்தில் அதற்கு நேரமும் இல்லை.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மார்க்கப் பாடம் என்பது என்னவாக இருக்க வேண்டும்? நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்?

ஓதல்_உஸ்தாத்

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அடித்தளம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள், அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இக்ஃபா (நூன் எழுத்தின் ஒலியை மறைத்து மூக்கொலியாக ஓதுவது) என்றால் என்ன என்று கேளுங்கள், பதினைந்து எழுத்துக்களோடு இலக்கணம் சொல்வான். அதே பிள்ளையை பகரா சூராவின் (அத்தியாயத்தின்) நான்காம் வசனத்தை ஓதச் சொல்லுங்கள். "உன்ஸில" இரண்டு முறை வரும், இரண்டிலும் இக்ஃபா, "மின் கப்லிக"வில் ஒரு இக்ஃபா. மூன்று இடத்திலும் நூனை அழுத்தி உச்சரித்துவிட்டுப் போய்விடுவான். தஜ்வீத் (ஓதல் இலக்கண) தேர்வில் அவனுக்கு 90 மதிப்பெண்!

காரணம் கேட்கட்டும், நான் தடுக்கவில்லை. ஓதல் நேராகாமல் காரணம் பேசுவதில் எனக்குப் பயம் இருக்கிறது. உயர்நிலைக்கு வந்ததும் ஓதலுக்கான நேரத்தைக் குறைத்துவிடுகிறார்கள், அது சரியில்லை.

பத்தாம்வகுப்பு_உம்மா

நான் ஆசிரியை இல்லை, ஒரு தாயாகச் சொல்கிறேன். நீங்கள் எதைக் கற்பிப்பது என்று பேசுகிறீர்கள். என் மகள் படிக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும் மார்க்கப் பாடவேளையை எடுத்து கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிட்டார்கள். பொதுத்தேர்வு வருகிறதாம். இஸ்லாமியப் பள்ளி என்றுதான் சேர்த்தோம்.

மகள் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. "அதுல மார்க் வராதும்மா, அதான்" என்று சாதாரணமாகச் சொன்னாள். பத்து வருடம் புத்தகத்தில் படித்ததைவிட இந்த ஒரு மாற்றத்திலிருந்து அவள் கற்றுக்கொண்டது அதிகம் என்று தோன்றுகிறது. தீன் எவ்வளவு முக்கியம் என்பதை நேர அட்டவணையே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறது.

ஃபிக்ஹு_படித்தவன்

உம்மா சொன்னது முழுக்க உண்மை. நிர்வாகங்களிடம் இதைப் பெற்றோர்கள்தான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஆசிரியர் சொன்னால் எடுபடுவதில்லை.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன், அதிலேயே ஒரு வாரப் பாடம் இருக்கிறது. மாயிதா சூராவின் ஆறாம் வசனத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். முகம் கழுவ வேண்டும், முழங்கை வரை கைகளைக் கழுவ வேண்டும், தலையைத் தடவ வேண்டும், கணுக்கால் வரை கால்களைக் கழுவ வேண்டும். எண்ணச் சொல்லுங்கள், நான்கு. ஹனஃபி மத்ஹபின் நான்கும் இதுதான். ஷாஃபிஈ மத்ஹபில் நிய்யத்தும் (மனதில் எண்ணம் வைப்பதும்) வரிசைமுறையும் சேர்ந்து ஆறு. அவை எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளையே தேடவிடுங்கள்.

நிய்யத்துக்கு ஆதாரம் "செயல்கள் யாவும் எண்ணங்களைக் கொண்டே" என்ற ஹதீஸ் (நபிமொழி). புகாரி தொகுப்பின் முதல் ஹதீஸ், இமாம் நவவீ தொகுத்த நாற்பது ஹதீஸ்களிலும் முதலாவது. பிள்ளைகளுக்கு அது மனப்பாடம், ஆனால் ஒரு சட்டம் அதிலிருந்து கிளைக்கிறது என்பதை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். ஹனஃபி அறிஞர்களும் அதே ஹதீஸை ஏற்கிறார்கள். ஒளு தொழுகைக்கான வழிதானே, அதுவே நோக்கம் இல்லையே என்பது அவர்கள் வாதம். ஆகவே நிய்யத் அவர்களிடம் சுன்னத் (கட்டாயமில்லாத நல்ல செயல்). வரிசைமுறைக்கு வசனத்தின் அமைப்பையே பார்க்கச் சொல்லுங்கள். கழுவ வேண்டிய உறுப்புகளுக்கு நடுவே தடவ வேண்டிய தலை வருகிறது. வரிசை முக்கியமில்லை என்றால் கழுவுவதை எல்லாம் ஒன்றாகச் சொல்லியிருக்கலாமே என்பது ஷாஃபிஈ தரப்பு வாதம்.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமா என்ற நூலில் கற்பித்தல் பற்றித் தனியாகவே பேசுகிறார். ஒரு கலையை மூன்று சுற்றாகக் கற்பிக்க வேண்டும் என்கிறார். முதல் சுற்றில் ஒவ்வொரு அத்தியாயத்தின் அடிப்படைகள் சுருக்கமாக. இரண்டாம் சுற்றில் விளக்கமும் கருத்து வேறுபாடுகளும் அவற்றின் காரணங்களும். மூன்றாவதில் சிக்கலான எதையும் விட்டுவைக்காமல். மக்தபில் நடப்பது முதல் சுற்று. உயர்நிலை வகுப்பு இரண்டாவதாக இருக்க வேண்டும். நம் புத்தகங்கள் முதல் சுற்றையே மறுபடி மறுபடி ஓட்டுகின்றன, பிள்ளைகள் சலிப்பது அதனால்தான்.

ஓதல்_உஸ்தாத்

விளக்கம் அழகாக இருக்கிறது, மாஷா அல்லாஹ். ஆனாலும் வகுப்பில் நின்று பார்த்தவனாகக் கேட்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இமாம்கள் வேறுபட்டார்கள் என்று சொன்னால் அவன் எதை எடுத்துக்கொள்வான்? எது லேசோ அதை. ஒளு முறிவதில் ஒரு மத்ஹப், தொழுகையில் இன்னொரு மத்ஹப் என்று கலந்துகட்டி வந்து நிற்பான். "எல்லாம் ஆளாளுக்கு ஒரு கருத்துதானே" என்பான் அடுத்த வருடம்.

ஃபிக்ஹு_படித்தவன்

நியாயமான பயம். அதனால்தான் அமல் (செய்முறை) ஒரு மத்ஹபின்படி என்பதில் நான் தளர்வதில்லை. யார் எந்த மத்ஹப் வீட்டிலிருந்து வந்தாரோ அதன்படி செய்முறை, அதில் தேர்வும் உண்டு. காரணம் படிப்பது வேறு, சட்டம் தேர்ந்தெடுப்பது வேறு என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வேறுபாட்டை மறைத்தால் அவன் அதை எங்கே தெரிந்துகொள்வான்? கைபேசியில், ஒருவரை ஒருவர் வழிகேடர் என்று திட்டிக்கொள்ளும் காணொளிகளில். அதற்கு முன்னால் நான் பனூ குறைளா சம்பவத்தைச் சொல்லிவிட நினைக்கிறேன். அகழ்ப்போர் முடிந்ததும், பனூ குறைளா (மதீனாவின் யூதக் குலம்) இருக்கும் இடத்தை அடைந்த பிறகே அஸர் (பிற்பகல்) தொழுகை தொழ வேண்டும் என்று நபி (ஸல்) அனுப்பினார்கள். வழியிலேயே அஸர் நேரம் வந்துவிட்டது. சொன்னது சொன்னபடி என்று சிலர் தொழாமல் போனார்கள். சீக்கிரம் போகச் சொன்னதுதான் நோக்கம் என்று சிலர் வழியிலேயே தொழுதார்கள். விஷயம் நபியவர்களிடம் போனபோது இரு சாராரில் யாரையும் கண்டிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு வகுப்பை இரண்டாகப் பிரித்து, இரண்டு தரப்புக்கும் வாதாடச் சொல்வேன். வாதாடி முடிக்கும்போது "ஆளாளுக்கு ஒரு கருத்து" என்ற பேச்சு வருவதில்லை. எதிர்த் தரப்புக்கும் ஆதாரம் இருந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

ஷாஃபிஈ இமாமே எகிப்துக்குப் போன பிறகு இராக்கில் சொன்ன சட்டங்கள் பலவற்றை மாற்றினார்கள், பழைய சொல், புதிய சொல் என்று இரண்டும் பதிவாகியிருக்கிறது. ஆதாரம் கிடைத்தால் மாற்றிக்கொள்வது பலவீனம் இல்லை என்பதை இந்த வயதில் கேட்பது நல்லது.

பெண்கள்பிரிவு_ஆசிரியை

ஆண் ஆசிரியர்கள் தொடாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். பதிமூன்று முதல் பதினாறு வயது என்பது மார்க்கக் கடமைகள் உண்மையாகவே ஒருவர் மீது வந்து இறங்கும் வயது. பாலிகாகிவிட்டால் (பருவமடைந்துவிட்டால்) தொழுகையும் நோன்பும் பழக்கத்துக்கான பயிற்சி இல்லை, கணக்கு எழுதப்படும் கடமை. அந்த வயதில் ஹைள் (மாதவிடாய்), குளிப்பு, ஸ்கலிதம் பற்றிய பாடங்களைப் பல பள்ளிகள் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுகின்றன. வீட்டில் உம்மாவும் சொல்வதில்லை. நோன்பில் மாதவிடாய் வந்தால் என்ன, விட்ட நோன்பைக் களா செய்ய (பிறகு நிறைவேற்ற) வேண்டும், விட்ட தொழுகைக்குக் களா இல்லை என்ற சாதாரண விஷயம் தெரியாமல் பத்தாம் வகுப்பு முடித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

உம்மு சுலைம் (ரலி) நபியவர்களிடமே வந்து, "உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை" என்று தொடங்கி, கனவில் ஸ்கலிதமானால் பெண்ணுக்கும் குளிப்பு கடமையா என்று கேட்டார்கள். அன்ஸாரிப் பெண்கள் (மதீனாவின் முஸ்லிம் பெண்கள்) மார்க்கத்தைக் கற்பதை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) புகழ்ந்தார்கள். இந்த இரண்டையும் சொல்லித்தான் நான் அந்தப் பாடத்தைத் தொடங்குவேன். பையன்களுக்கும் தனியாக ஓர் ஆண் ஆசிரியர் இதே பாடத்தை நடத்த வேண்டும், இதில் இன்னும் அலட்சியம் அதிகம்.

இயற்பியல்_ஆசிரியர்

நான் மார்க்கப் பாடம் எடுப்பவன் இல்லை, ஆனால் அந்த வகுப்பில் கேட்க முடியாத கேள்விகள் என் வகுப்புக்கு வருகின்றன. பிரபஞ்சம் எப்படித் தோன்றியது, பரிணாமம் சரியா என்று. மார்க்க ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். விஞ்ஞானம் இன்று சொல்வதைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்ற பாணியில் ஒவ்வொரு வசனத்தையும் ஒரு கோட்பாட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். கோட்பாடு நாளைக்குத் திருத்தப்படும். அப்போது பிள்ளையின் மனதில் ஆடுவது இயற்பியல் இல்லை, ஈமான்.

அதைவிட நல்ல உதாரணம் சீராவிலேயே (நபி வாழ்க்கை வரலாற்றிலேயே) இருக்கிறது. நபியவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம். கி.பி. 632 ஜனவரியில் நிகழ்ந்த கிரகணம் அது என்று கணிக்கிறார்கள். குழந்தை இறந்ததற்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தன் மகனை அடக்கிய துக்கத்தில் இருந்த தந்தை, அந்தப் பேச்சை அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணமாவதில்லை என்று சொல்லிவிட்டுத் தொழவைத்தார்கள். கிரகணப் பாடம் நடத்தும்போது நான் இதைச் சொல்வேன். கிரகணம் எப்படி நிகழ்கிறது என்பதும், அப்போது ஏன் தொழுகிறோம் என்பதும் ஒரே பாடவேளையில், ஒன்றோடொன்று மோதாமல் வந்துவிடுகின்றன.

மார்க்கப்பாட_ஆசிரியர்

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது.

இயற்பியல் ஆசிரியர் சொன்னதை ஒட்டி இன்னொன்று. ஒரு பிள்ளை சந்தேகத்தோடு வந்தால் என்ன செய்வது? கத்ர் (இறைவன் வகுத்த விதி) பாடம் எடுத்தாலே இது வரும். "எல்லாம் எழுதப்பட்டுவிட்டது என்றால் என்னை ஏன் விசாரிக்க வேண்டும்?" சில ஆசிரியர்கள் உடனே "அஸ்தஃக்ஃபிருல்லாஹ், இப்படிக் கேட்காதே" என்று வாயை அடைக்கிறார்கள். இப்ராஹீம் (அலை) இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டச் சொல்லிக் கேட்டார்கள். நம்பவில்லையா என்று கேட்கப்பட்டபோது, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறுவதற்காக என்றார்கள். பகரா சூரா, 260-ஆம் வசனம். ஸஹாபாக்களே (நபித்தோழர்களே) வந்து, வாய்விட்டுச் சொல்ல முடியாத எண்ணங்கள் மனதில் வருகின்றன என்று முறையிட்டபோது, அதுதான் தெளிவான ஈமான் என்று நபி (ஸல்) சொன்னதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. மனம் பதறுவதே ஈமானின் அடையாளம் என்று கேட்டதும் ஒரு பிள்ளையின் முகத்தில் வரும் நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். கத்ருக்கான பதில் பிறகு வரட்டும். முதலில் அவன் கேட்டதற்காக வெளியே தள்ளப்பட மாட்டான் என்று தெரிய வேண்டும்.

பழைய_மாணவி

இப்படி ஓர் உஸ்தாதிடம் படித்தவள் நான், அதனால் எழுதுகிறேன். எங்கள் கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் கட்டி வைத்திருப்பார். அவருக்குப் பதில் தெரியாத கேள்விகள் அதில் ஏறும், கேட்டவளின் பெயர் இல்லாமல். அழிப்பான் அந்தப் பக்கம் போகக் கூடாது. அடுத்த வாரம் பதிலோடு வருவார், சில கேள்விகள் மாதக்கணக்கில் கிடக்கும். மாலிக் இமாமிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டு, அவற்றில் 32-க்குத் தெரியாது என்று சொன்னார்கள் என்ற செய்தியை அவரிடம்தான் கேட்டேன். அவர் சொன்ன பதில்கள் நிறைய மறந்துவிட்டன. ஆனால் இன்று யாராவது ஹதீஸ் என்று எதையாவது அனுப்பினால், எந்தக் கிதாபில் என்று கேட்காமல் நான் அடுத்தவருக்கு அனுப்புவதில்லை. அந்தப் பழக்கம் அந்தக் கட்டத்திலிருந்து வந்தது.

கணக்கு_ஆசிரியை

வாரிசுரிமைப் பாடத்தை எங்களிடமும் கொடுங்கள்! கணித அறிஞர் குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகள்தான், மார்க்கமும் கணக்கும் அங்கே ஒரே நூல். நான் பத்தாம் வகுப்பில் இப்படிக் கொடுப்பேன்: ஒருவர் இறந்துவிட்டார், மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். கடனும் வஸிய்யத்தும் (மரண சாசனமும்) கழித்தாயிற்று. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மிச்சம் மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்று. 24-ஐப் பொது எண்ணாக வைத்தால் மூன்றும் நான்கும் போய் 17 மிஞ்சும், அது மூன்றால் வகுபடாது. ஆகவே 72. மனைவி 9, தாய் 12, மகன் 34, மகள் 17. கூட்டிப் பார்த்து 72 வந்ததும் வகுப்பில் ஒரு சந்தோஷம் வரும். ஃபராயிள் (வாரிசுப் பங்கு) அட்டவணையை மனப்பாடம் செய்தபோது அந்தச் சந்தோஷம் வந்ததே இல்லை.

பத்தாம்வகுப்பு_உம்மா

இந்தக் கணக்கை மகளிடம் காட்டினேன். போட்டு முடித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு ஏன் 17, தம்பிக்கு ஏன் 34?" இதற்கு வகுப்பில் என்ன சொல்வீர்கள்?

ஃபிக்ஹு_படித்தவன்

கேட்கட்டும், கேட்காவிட்டால்தான் கவலை. மழுப்பாமல் சொல்ல வேண்டும். குடும்பத்தின் செலவு முழுவதும் ஆண் மீது கடமை, பெண்ணின் சொத்து அவளுக்கே, மஹரும் (மணக்கொடையும்) அவளுக்கே என்ற அமைப்புக்குள் வைத்துத்தான் இந்தப் பங்கு. பெண் என்றாலே பாதி என்பதும் இல்லை. பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்கும் தந்தைக்கும் சமமாக ஆறில் ஒன்று, தாய்வழிச் சகோதரனுக்கும் சகோதரிக்கும் சமம். நிஸா சூராவின் 11, 12 வசனங்களை எடுத்து முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள்.

"தம்பி செலவு செய்யாவிட்டால்?" என்று அடுத்து கேட்பாள். அப்போது அவன் தன் கடமையை மீறுகிறான், அதற்கும் சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த 17-ஐக்கூடப் பெண்களுக்குக் கொடுக்காத குடும்பங்கள் இருக்கின்றன. பங்குகளைச் சொன்ன கையோடு 13, 14 வசனங்களில் அல்லாஹ், இவை என் வரம்புகள் என்றும் மீறுபவனுக்கு நரகம் என்றும் சொல்கிறான். இதைப் பையன்கள் வகுப்பில் இரண்டு மடங்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

மார்க்கப்பாட_ஆசிரியர்

தலைமை ஆசிரியரிடம் பேசினேன். மூன்று பாடவேளையில் ஒன்று முழுக்க ஓதலுக்கு, மற்ற இரண்டில் காரணங்களோடு ஃபிக்ஹும் (மார்க்கச் சட்டமும்) சீராவும். பத்தாம் வகுப்பில் கடைசி மாதம் வரை ஒரு பாடவேளையாவது வெட்டக் கூடாது என்றும் கேட்டிருக்கிறேன், பெற்றோர் கூட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். உம்மா போன்றவர்கள் அங்கே வாய் திறந்தால் நடக்கும்.

பருவத் தேர்வுத் தாளையும் மாற்றப் பார்க்கிறேன். பாதி மதிப்பெண் வழக்கம்போல. மீதிக்கு இப்படிச் சில கேள்விகள்: "அருவியில் குளிக்க இறங்கிய ஒருவர், ஒளுவின் எண்ணம் இல்லாமலேயே அதன் உறுப்புகள் எல்லாவற்றையும் நனைத்துவிட்டார். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின்படி அவர் தொழலாமா? இரு தரப்பின் ஆதாரத்தையும் எழுதுக." "சீனாவுக்குச் சென்றாயினும் கல்வி தேடு என்பது ஹதீஸ் என்று உன் நண்பன் அனுப்புகிறான். அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? அவனுக்கு நீ எப்படி எடுத்துச் சொல்வாய்?" கல்வியின் சிறப்புக்கு ஆதாரப்பூர்வமான ஹதீஸ்கள் இருக்கும்போது பலவீனமானதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று அவர்கள் எழுத வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. இன்னும் கேள்விகள் இருந்தால் போடுங்கள்.

ஓதல்_உஸ்தாத்

ஒரு பாடவேளை முழுக்க ஓதலுக்கு என்றதும் மனம் நிறைந்தது. கேள்வி ஒன்று நானும் தருகிறேன். தஜ்வீத் இலக்கணம் எழுதுவதை எடுத்துவிடுங்கள். நான்கு வரி அச்சடித்துக் கொடுங்கள், இக்ஃபா வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட வேண்டும், பிறகு என் முன்னால் வந்து அதே நான்கு வரியை ஓத வேண்டும். வட்டமிட்ட இடத்தில் ஓதலிலும் இக்ஃபா வந்தால் மட்டும் மதிப்பெண். உங்கள் பள்ளிக்கு ஓதல் கேட்க ஆள் குறைவு என்றால் சொல்லுங்கள், வியாழக்கிழமைகளில் நான் வருகிறேன்.